ஒரே ரிடிம், பதினைந்து சாட்சி: காஸ்பல் டான்ஸ்ஹால் தொகுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவிலிருந்து வரும் காஸ்பல் டான்ஸ்ஹால் தொகுப்புகளை, அதாவது டான்ஸ்ஹால் என்ற ஜமைக்கா நடன இசையில் கிறிஸ்தவப் பாட்டுகள் பாடிய தொகுப்புகளை, அதிலும் முழுத் தொகுப்பும் ஒரே தாள அமைப்பின்மேல் ஓடுகிற வகையை, பல வருஷமாக விடாமல் கேட்டு வருகிறேன். யாருக்காவது போட்டுக் காட்டினால் மூன்றாவது பாட்டிலேயே கேள்வி வந்துவிடும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி தொடங்குகிறதே, அதே பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடுகிறதா?

இல்லை. பாடகர் வேறு, வரி வேறு, மெட்டும் வேறு. அடியில் ஓடுகிற டிரம், பேஸ், கீபோர்டு மட்டும்தான் ஒன்று. அந்த அடித்தளத்துக்குப் பெயர் ரிடிம். தயாரிப்பாளர் ஒரு ரிடிம் செய்து முடித்ததும் பத்து, பதினைந்து, சில சமயம் இருபது பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பாட்டு பாடச் சொல்வார். எல்லாவற்றையும் சேர்த்து அந்த ரிடிமின் பெயரிலேயே வெளியிடுவார்கள்.

ரிடிம் என்றால் ரிதம்தானே? தாளம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

ரிதம் என்ற சொல்லைத்தான் ஜமைக்காவின் பாட்வா மொழியில் அப்படி உச்சரிக்கிறார்கள். ஆனால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. தாளம் என்று சொன்னால் பேஸும் கோர்டும் விட்டுப்போகும். மெட்டு என்று சொன்னால் முழுத் தவறு, ஏனென்றால் பாட்டுக்குப் பாட்டு மாறுவதே மெட்டுதான். நம்மிடம் ஒரே சிந்து மெட்டிலோ கும்மி மெட்டிலோ பல பேர் பல பாட்டு எழுதியிருக்கிறார்கள் இல்லையா, அங்கே மெட்டு நிற்கும், மற்றது மாறும். இங்கே அது தலைகீழ். அடித்தளம் அசையாது, அதன்மேல் எந்த மெட்டு வேண்டுமானாலும் ஏறலாம். அதனால் நான் ரிடிம் என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப் பெயர் உண்டு, பாட்டின் பெயர் தெரியாதவர்கூட ரிடிம் பெயரைச் சொல்லிவிடுவார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

கிங்ஸ்டன் நகரத்தின் தெருக்களிலிருந்து வந்தது. 1950-களிலிருந்தே அங்கே சவுண்ட் சிஸ்டம் என்று ஒன்று உண்டு, ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி திறந்த வெளியில் இசைத்தட்டு போடுவார்கள். 1960-களின் கடைசியில், ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரூடி ரெட்வுட் என்பவருக்கு பாராகன்ஸ் குழுவின் ஒரு பாட்டு தவறுதலாகக் குரல் சேராமல் வெட்டப்பட்டுக் கிடைத்தது என்றும், அவர் அதைப் போட்டபோது கூட்டமே சேர்ந்து பாடித் தீர்த்தது என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் இல்லாத 'வெர்ஷன்' என்பது வழக்கமாகிவிட்டது. குரல் இல்லாத இசை கையில் இருந்தால் யார் சும்மா இருப்பார்கள்? மைக்கைப் பிடித்து அதன்மேல் பேச்சும் பாட்டுமாக ஏற்ற ஆரம்பித்தார்கள். யூ-ராய் என்ற ஜமைக்கா கலைஞர் 1970-ல் அப்படிச் செய்த பதிவுகள் பெரிய வெற்றி பெற்றன.

ஒரே ரிடிமை வைத்து முழு ஆல்பம் என்றால், 1974-ல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் வெளியிட்ட 'யமஹா ஸ்கேங்க்' தொகுப்பைத்தான் முதலாவதாகச் சொல்வது வழக்கம். அப்புறம் 1985. பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அவர் நண்பர் நோயல் டேவியும் காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் 'ராக்' என்ற ஆயத்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க, தயாரிப்பாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்து 'ஸ்லெங் டெங்' ரிடிம் ஆக்கினார். வாத்தியக் குழு இல்லாமல் முழுக்க மின்னணுவில் ஓடிய அந்த ரிடிம் ஜமைக்கா இசையின் திசையையே மாற்றிவிட்டது. அந்தக் கீபோர்டின் தாளங்களை அமைத்த ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண், கல்லூரியில் டான்ஸ்ஹாலுக்கு முந்திய ரெகே என்ற ஜமைக்கா இசையைப் பற்றியே ஆய்வு எழுதியவர். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ரெகேயை நேசித்த ஒருத்தி டோக்கியோவில் போட்ட விதை கிங்ஸ்டனிலேயே போய் முளைத்திருக்கிறது!

டான்ஸ்ஹால் தாளம் எப்படி இருக்கும்? தட்டிப் பார்க்க முடியுமா?

முடியும், மேஜைமேல் கை வையுங்கள். 'தகிட தகிட தக' என்று சமமான வேகத்தில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மட்டும் தட்டுங்கள். மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு. நிறுத்தாமல் பத்துத் தடவை சொன்னால் தோள் தானாக அசையும். டான்ஸ்ஹால் தாளங்களில் பெரும்பாலானவற்றின் எலும்பு இதுதான். பழைய ரெகே அப்படி இல்லை, அதில் 'ஒன் டிராப்' என்று மூன்றாவது அடியில் கனம் விழும், முதல் அடி காலியாக இருக்கும், நடையும் நிதானம்.

டான்ஸ்ஹால் என்றாலே ஆபாசம், துப்பாக்கி என்கிறார்கள். அதை எடுத்துக் கடவுளைப் பாடலாமா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது, கொஞ்சம் கோபத்தோடு வருவதும் இதுதான்.

டான்ஸ்ஹாலில் அப்படிப்பட்ட பாட்டுகள் உண்டு. நிறையவே உண்டு. ஜமைக்காவிலேயே சபை மூப்பர்கள் பலர் அந்தக் காரணத்தால் காஸ்பல் டான்ஸ்ஹாலை வாசலிலேயே நிறுத்தினார்கள். இரவு நடன அரங்கில் கேட்ட அதே துடிப்பு காலையில் ஆலயத்தில் கேட்டால் மனம் எங்கே போகும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் தாளத்தின் ஊர் எது என்று தேடிப் போனால் வழி வேறு எங்கோ கொண்டுபோய் விடுகிறது. 1860, 61-ல் ஜமைக்காவில் ஒரு பெரிய ஆன்மிக எழுப்புதல் நடந்தது. ஆப்பிரிக்க வழிபாட்டு மரபும் கிறிஸ்தவமும் கலந்து ரிவைவல் சபைகள் அதிலிருந்து எழுந்தன. அதில் ஒரு கிளைக்கு போக்கோமேனியா என்று பெயர், சுருக்கமாக போக்கோ. அங்கே டிரம் அடித்து, கைதட்டி, வட்டமாகச் சுற்றி ஆடித் துதிப்பார்கள். 1990-ஐ ஒட்டி ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் செய்த ஒரு ரிடிமின் பெயரே 'போக்கோ மேன் ஜாம்'. போக்கோ கூட்டங்களின் டிரம் அடி அந்தக் காலத்து டான்ஸ்ஹாலுக்குள் இறங்கியிருப்பது காதால் கேட்டாலே தெரியும். அதே இரட்டையரின் வேலையிலிருந்து கிளைத்துத்தான் ரெகேட்டோன் என்ற லத்தீன் அமெரிக்க நடன இசையின் 'டெம் போ' தாளமும் உலகம் சுற்றியது.

ஆக, காஸ்பல் பாடகர்கள் டான்ஸ்ஹாலிடம் கடன் வாங்கினார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். தெய்வத்துக்கு முன்னால் அடித்த அடி ஒன்று நடன அரங்குக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறது. வேதத்தைக் காட்டு என்பவர்களுக்கு 150-ஆம் சங்கீதம் இருக்கிறது: 'தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள்.' உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது முழுப் பலத்தோடும் ஆடியதை ஜன்னல் வழியாகப் பார்த்து மீகாள் அவமதித்த கதையும் இரண்டாம் சாமுவேலில் இருக்கிறது.

பாப் மார்லி பாடியதும் இதுவும் ஒன்றா?

இல்லை. மார்லி, ஜமைக்காவிலேயே பிறந்த ரஸ்தஃபாரி என்ற சமய நம்பிக்கையில் பாடியவர். இரண்டுக்கும் வேதாகமம் பொது, ஆனால் நம்பிக்கை வேறு. அந்தப் பொதுவான வேதாகமத்தால்தான் ஜமைக்கா இசை முழுக்கவே வேதாகமத்தின் சங்கீதப் புத்தக வாசனை அடிக்கும். 'பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்' என்கிற 137-ஆம் சங்கீதம்தான் மெலோடியன்ஸ் குழு 1970-ல் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வரி எப்படிப் பட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதே இல்லை. மார்லிக்குப் பின்னணி பாடிய ஐ-த்ரீஸ் குழுவின் ஜூடி மோவாட் பிற்பாடு கிறிஸ்தவராகி காஸ்பல் பாட வந்தார்.

யார் யாரெல்லாம் பாடுகிறார்கள்?

இரண்டு வகை. நடன அரங்கில் பெயர் வாங்கிவிட்டு வந்தவர்கள் ஒரு பக்கம், சபையிலேயே வளர்ந்தவர்கள் மறுபக்கம்.

முதல் வகையில் பாப்பா சான் முக்கியமானவர். 1980-களில் மூச்சு விடாமல் வேகமாகச் சொல் அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. 1997-ல் மனம் திரும்பினார், அந்த வேகத்தை அப்படியே காஸ்பலுக்குக் கொண்டுவந்தார். லெப்டினன்ட் ஸ்டிச்சியும் அதே 1997-ல். இருவரும் ஒரே வருஷம் வந்தது ஜமைக்காவில் பெரிய பேச்சு. கார்லீன் டேவிஸ் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து காஸ்பல் பாடினார். அப்புறம் லேடி சா. 'டான்ஸ்ஹால் ராணி' என்று பட்டம் வாங்கியவர், கூச்சமில்லாத பாட்டுகளுக்குப் பேர் போனவர், 2015 டிசம்பரில் ஞானஸ்நானம் எடுத்து, மேடைப் பெயரையும் விட்டுவிட்டு, மேரியன் ஹால் என்ற சொந்தப் பெயரில் பாட ஆரம்பித்தார்.

சபை வழி வந்தவர்களில் டீஜே நிக்கோலஸ், பிராடிகல் சன் போன்றவர்கள் உண்டு. டிரினிடாடில் ஷெர்வின் கார்ட்னர். கலிஃபோர்னியாவில் மார்க் மோர் தொடங்கிய கிறிஸ்டஃபாரி குழுவும் காஸ்பல் ரெகேயை நாடு நாடாகக் கொண்டுபோயிருக்கிறது.

டீஜே என்றால் பாட்டு போடுபவர்தானே? அவர் எப்படிப் பாடுகிறார்?

ஜமைக்காவில் பாட்டு போடுபவர் 'செலக்டர்'. ரிடிம்மேல் தாளத்தோடு பேசிப் பாடுபவர்தான் 'டீஜே'. பாதி பேச்சு, பாதி ராகம் என்று போகிறவர் 'சிங்ஜே'.

ஏன் ஒரே ரிடிம்? செலவு குறைவு என்பதாலா?

செலவு ஒரு காரணம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பதினைந்து பாட்டுக்குப் பதினைந்து இசையமைப்பு என்றால் சின்னத் தயாரிப்பாளருக்குக் கட்டாது. காஸ்பல் சந்தையோ இன்னும் சின்னது.

ஆனால் அது மட்டும் இல்லை. 'ஜக்ளிங்' என்று ஒரு வழக்கம் உண்டு, செலக்டர் ஒரே ரிடிமின் பாட்டுகளைத் தாளம் அறுபடாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பார். ஆடுபவர் கால் நிற்க வேண்டியதில்லை, குரல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சபை வாலிபர் கூட்டத்தில் இதைச் செய்தால் அரை மணி நேரத் துதி ஓர் இடத்திலும் உடையாது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரிகிறது. ஒரு தொகுப்பில் பாப்பா சான் மாதிரி ஒருவரும், நேற்றுவரை தன் சபையைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணும் அடுத்தடுத்து வருவார்கள். இருவருக்கும் அதே டிரம், அதே பேஸ். பெரியவருக்கு நல்ல இசை, சின்னவருக்கு மட்டமான இசை என்கிற பேதத்துக்கே இடம் இல்லை.

இந்தத் தொகுப்பு ஒன்றை என் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல் ஏழெட்டுப் பாட்டு கேட்டுவிட்டு, "இது நம்ம சாட்சிக் கூட்டம் மாதிரில்ல இருக்கு? ஒருத்தர் உக்காந்ததும் இன்னொருத்தர் எந்திரிக்கிறாங்க" என்றார். நான் இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அகப்படாத வார்த்தை அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுந்து நின்று, வியாதி தீர்ந்ததை ஒருவர் சொல்வார், மகன் குடியை விட்டதை அடுத்தவர் சொல்வார், பரீட்சையில் பாஸ் ஆனதை ஒரு பையன் சொல்வான். எல்லோருக்கும் அதே அறை, அதே பாய், அதே 'ஸ்தோத்திரம்'. அறை பொதுவாக இருப்பதால்தான் ஒவ்வொருவர் கதையும் தனியாகக் காதில் விழுகிறது. ரிடிம் என்பது அந்த அறை.

ஸ்டுடியோவில் இது எப்படி நடக்கிறது?

முதலில் ரிடிம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே ஆள் செய்துவிடுகிறார். அதைப் பாடகர்களுக்கு அனுப்புவார். அவர்கள் வரி எழுதி, மெட்டுக் கட்டி, நேரில் வந்தோ தங்கள் ஊரிலிருந்தோ குரல் பதிந்து அனுப்புவார்கள். குரல் வந்த பிறகுதான் உண்மையான கைவேலை. பாடகர் அழுத்திச் சொல்லும் வரியில் டிரம்மை நிறுத்தி பேஸை மட்டும் விடுவது, ஜெபம் போல வரும் இடத்தில் பேஸையும் எடுத்துவிட்டு ஒற்றை கோர்டில் குரலை நிற்க வைப்பது, பிறகு எல்லாவற்றையும் ஒரே அடியில் திரும்பக் கொண்டுவருவது என்று பாட்டுக்குப் பாட்டு வெட்டி ஒட்டுவார்கள். இதைக் கவனித்துச் செய்தாரா இல்லையா என்பதில்தான் நல்ல தயாரிப்பாளர் யார் என்று தெரியும்.

அலுக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 100 அடி வேகம் என்றால் நாலடி கொண்ட ஒரு ஆவர்த்தம் 2.4 வினாடி. மூன்று நிமிஷம் இருபது வினாடிப் பாட்டில் இரண்டு ஆவர்த்தச் சுற்று ஒன்று ஏறக்குறைய 42 தடவை வரும். பதினைந்து பாட்டுக்கு 600 தடவைக்கு மேல்! காகிதத்தில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

கேட்கும்போது நடப்பது வேறு. மூன்றாவது பாட்டுக்குள் காது ரிடிமைக் கேட்பதை நிறுத்திவிடும், மின்விசிறிச் சத்தம் போல அது பின்னால் போய்விடும். அதன் பிறகு கேட்பது குரல் மட்டும்தான். இவர் அடிக்கு முன்னாலேயே நுழைகிறார், அவர் அரை அடி தாமதமாக வருகிறார், இந்தப் பெண் 'தகிட' இரண்டையும் தாண்டிவிட்டு கடைசி 'தக'வில் மட்டும் சொல்லை வைக்கிறாள் என்றெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். எல்லாத் தொகுப்பும் அப்படி வாய்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். ரிடிம் சப்பென்று இருந்தாலோ எல்லோரும் ஒரே மெட்டில் விழுந்தாலோ ஐந்தாவது பாட்டில் நானும் நிறுத்திவிடுவேன்.

ஆங்கிலம் மாதிரி இருக்கிறது, ஆனால் புரியவில்லையே?

அது பாட்வா. ஆங்கிலச் சொற்கள் நிறைய, இலக்கணம் தனி. 'மி' என்றால் நான், 'டெம்' என்றால் அவர்கள், 'பிக்னி' என்றால் குழந்தை. நான்கைந்து தொகுப்பு கேட்டால் பழகிவிடும். பாட்வாவில் ஆராதிக்கலாமா என்பதே அங்கே ஒரு காலத்தில் சண்டையாக இருந்தது, ஆலயத்தில் நல்ல ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பார்கள். 2012-ல் புதிய ஏற்பாடு முழுவதும் பாட்வாவில் வெளிவந்தது. வீட்டில் பேசுகிற பேச்சில் ஜெபிப்பதன் ருசி தெரிந்த யாருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவுக்கும் இந்த ரிடிம்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் செய்த ஒரு ரிடிமின் பெயரே 'திவாலி', நம் தீபாவளிதான். கைதட்டல் அடுக்கி வரும் ரிடிம் அது. அதன்மேல் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அதே காலத்தில் வந்த இன்னொன்று 'கூலி டான்ஸ்'. இந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு நெஞ்சில் குத்தும். 1845 மே 10-ஆம் தேதி முதல் கப்பல் ஓல்ட் ஹார்பர் விரிகுடாவுக்கு வந்தது. 1917 வரை 36,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் வட இந்தியர்கள். அவர்களையும் அவர்கள் சந்ததியையும் 'கூலி' என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு நம் தமிழ்க் 'கூலி'யைத்தான் பல அகராதிகள் மூலமாகக் காட்டுகின்றன, குஜராத்தின் கோலி இனப் பெயர் என்ற கருத்தும் உண்டு. உழைப்புக்குக் கிடைக்கும் காசு, மனிதனைத் தாழ்த்தும் வசையாகி, பிறகு ஒரு நடனப் பாட்டின் பெயராகியிருக்கிறது. இந்த இரண்டும் காஸ்பல் ரிடிம்கள் இல்லை, கேட்டதற்காகச் சொன்னேன்.

ரிடிம் யாருக்குச் சொந்தம்? எடுத்து நாங்கள் பாடி வெளியிடலாமா?

செய்தவருக்குச் சொந்தம். முன்பெல்லாம் ஜமைக்காவில் கேட்காமல் எடுத்துக்கொள்வது சகஜம், ஒரே ரிடிமை நூறு பேர் திரும்பச் செய்வார்கள், முதலில் வாசித்தவருக்கு ஒன்றும் போகாது. 1993-ல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. 2021-ல் ஸ்டீலி, கிளீவி தரப்பு தங்கள் பழைய தாளம் ஒன்றைப் பயன்படுத்தியதற்காக ரெகேட்டோன் பாடகர்கள் பலர்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஆகவே வெளியிடுவதாக இருந்தால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். காஸ்பல் ஆட்களில் பலர் மகிழ்ச்சியாகப் பதில் போடுவார்கள். வீட்டில் பாடிப் பார்க்க யாரையும் கேட்க வேண்டாம்.

கடைசியில் குரலே இல்லாமல் ஒரு பாட்டு இருக்கிறதே, பதிவில் பிழையா?

இல்லை, அதுதான் 'வெர்ஷன்'. ரிடிம் மட்டும் தனியாக ஓடும். அந்தப் பழைய இசைத்தட்டின் மறுபக்கம் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. அடுத்துப் பாட வருபவருக்காக வைத்த இடம்.

எங்கள் வீட்டில் அது ஓடியபோது நான் அணைக்கப் போனேன். பெரியம்மா "இருடா, விடு" என்று கையைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்' என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை தாளத்தில் உட்காரவில்லை. இரண்டாவது தடவை 'மேய்ப்பராய்' என்பதை இழுத்தார். மூன்றாவது தடவை 'தாழ்ச்சி' முதல் தகிடவிலும் 'அடை' இரண்டாவதிலும் 'யேன்' அந்தக் கடைசி தகவிலும் போய் உட்கார்ந்தன. வெர்ஷன் முடிந்ததும் "திரும்பப் போடு" என்றார்.